இரண்டே முக்கால் அடியிலிருந்து எடுத்த படங்கள்

தோணிமுனையில் யாரும் எடுக்காத முதல் புகைப்படம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தேவாலயத்தையொட்டிய பங்கு நூலகத்தின் பின்னறையில், பதினாறு முதியவர்களும் ஒரு தட்டு மிக்சரும் சாட்சியாக இருக்க, வந்து சேர்ந்தது.

அந்த அறையில் வியாழக்கிழமைதோறும் ஒட்டுப்படம் செய்வார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வுபெற்ற மார்சலின், அறுபத்தாறாம் வயதில் கைபேசியைத் தானே நோண்டிக் கற்றுக்கொண்டு, தன் வயதுக்காரர்களைக் கூட்டிவைத்துத் தொடங்கிய வேலை அது. பிஸ்கட் டின்னிலும் தலையணை உறைக்குள்ளும் ஜெபப்புத்தகத்தின் பக்கங்களுக்கிடையிலும் கிடந்த பழைய படங்களைக் கைபேசியில் பிடித்து, மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்களில் அடுக்கி, செத்துப்போனவர்களையும் துபாய்க்குப் போனவர்களையும் ஒரே சட்டத்துக்குள் உட்காரவைத்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய டி.வி.யில் போட்டு எல்லோருமாகப் பார்ப்பார்கள். பார்த்து முடித்து யார் மூக்கு யாருக்கு வந்திருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு அனுப்பிவைப்பார்கள்.

அன்றைக்குத் தஸ்நேவிஸ் மேஸ்திரியின் முறை. விசைப்படகு எஞ்சின்களோடு நாற்பது வருடம் கிடந்ததால் காது பாதி போனவர், பிள்ளைகள் இல்லாதவர், மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி ரொசாலியையும் அடக்கம் செய்தவர். அவர் கொண்டுவந்தது ஒன்பது படங்கள். டி.வி.யில் வந்தது பத்து.

மூன்றாவது வரிசைக்குக் கீழே, நடுவில், தனியாக ஒரு கட்டம். அதில் ரொசாலி வீட்டுப் பின்முற்றத்தில் ரோஜாத்தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மாத்திரை அட்டை. வலது கையின் ஆள்காட்டி விரலால் ஒரு வெள்ளை மாத்திரையைத் தொட்டி மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். படத்தின் கீழ்விளிம்பு முழுக்க, ஈரக்கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, கலங்கியிருந்தது.

“இது யாரு எடுத்தது மேஸ்திரி?” என்று மார்சலின் கேட்டாள்.

“நான் எடுக்கல. அப்பம் என் கையில போனே கிடையாது.”

“பின்ன எப்படி வந்திச்சி?”

அவர் எழுந்து டி.வி.க்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றார். யாரும் மிக்சரில் கை வைக்கவில்லை.

“மாத்திர வேல செய்யலன்னு அந்த டாக்டர வாய்க்கு வந்தபடி ஏசிட்டு வந்தேன்,” என்றார் கடைசியில். “அத அழிச்சிராத மார்சலின். பெருசாக்கிக் குடு.”

மறுவாரம் பத்தாவது கட்டம் எல்லோருக்கும் வந்தது. ஐந்து படம் வைத்தால் ஆறாவதாக வந்தது, இருபது வைத்தால் இருபத்தொன்றாக வந்தது, ஆனாலும் ஊர் அதற்குப் பத்தாவது கட்டம் என்றே பெயர் வைத்துவிட்டது. யாரும் படம் எடுக்காத நேரத்தில் நடந்தவை மட்டுமே அதில் வந்தன. மழையில் படப்பிடிப்பாளர் வராமல்போன ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மணப்பெண்ணின் சேலைக்கரையிலிருந்து சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். இருபது வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகளில் ஒருத்தி காய்ச்சலில் கிடந்தபோது அவள் தலையை மடியில் வைத்திருந்தது மற்றவள்தான் என்று தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லாமல் வந்து, யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பூட்டிய வகுப்பறைக்குள் தனியாக நின்று பாவாடை தாவணி கட்டிக்கொண்டு கண்ணாடி பார்ப்பதும் வந்தது. அவர் மனைவி அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, “பச்சக் கலரு ஒமக்கு எடுப்பாத்தான் இருக்கு,” என்றாள், அதற்குமேல் ஊரில் யாருக்கும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

இப்படியாக ஊர் அதற்குப் பழகியது. வீட்டுக்குள் தனியாக இருக்கும் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டார்கள். பெண்கள் அடுப்படிக்குப் போவதற்கு முன்னால் தலை சீவினார்கள். சமையல்கட்டில் யாரும் கரண்டியை நக்கவில்லை. மாமியாரை ஏசவேண்டும் என்றால் மருமகள்கள் கடற்கரைக்குப் போய், நான்கு பக்கமும் வெறும் மணல்தான் என்று பார்த்துக்கொண்டு ஏசினார்கள், அதுவும் வந்தது. சிலர் கோபித்துக்கொண்டு நூலகத்தைப் பூட்டச் சொன்னார்கள். அவர்களே வாரம் தவறாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து மூன்று மணிநேரம் பார்த்துவிட்டு, ஜெபம் எதுவும் சொல்லாமல், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எல்லாப் படமும் ஏன் கீழேயிருந்து எடுத்திருக்கு?”

அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாமியார் சொன்ன பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை. மேசைகளின் அடிப்பலகை தெரிந்தது. ஆட்களின் முகவாய்க்கு அடியில் இருந்த மச்சம் தெரிந்தது. கதவுத் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருந்தது.

அளந்து சொன்னது தஸ்நேவிஸ் மேஸ்திரி. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ரோஜாத்தொட்டிக்கு முன்னால் போய், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், மண்டி போட்டுப் பார்த்தார். தொட்டியின் விளிம்பும் பின்சுவரின் வெடிப்பும் படத்தில் இருந்ததுபோலவே கண்ணுக்குள் வந்து பொருந்திய இடத்தில் அசையாமல் இருந்துகொண்டு கண்ணுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்தார். பன்னிரண்டு வீடுகளில் பன்னிரண்டு படங்களுக்கு அப்படி அளந்தார். பன்னிரண்டும் ஒன்று.

“ரெண்டே முக்கால் அடி,” என்று வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னார். “கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.”

மார்சலின் தன் நோட்டைத் திறந்தாள். வந்த படங்கள் எந்த வருடத்தவை என்று ஆட்களிடம் கேட்டு எழுதிவைத்திருந்தாள். “நாப்பத்தெட்டு வருசத்துக்கு இந்தப் பக்கம் எல்லா வருசமும் இருக்கு,” என்றாள். “புயலுக்கு முந்தின படம் ஒண்ணுகூட இல்ல.”

பதினாறு பேரும் தரையைப் பார்த்தார்கள். தோணிமுனையில் ஒரு பிள்ளைக்கு முதல் போட்டோ எடுப்பது முதல் நற்கருணை வாங்கும் அன்றைக்குத்தான், எட்டு வயதில், வெள்ளை உடுப்போடும் மெழுகுவர்த்தியோடும். அந்த வயது வருவதற்குள் புயலில் போன பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் எங்கேயும் ஒரு படம் இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

“சலேத்தம்மாட்ட யாரு சொல்லுதது?” என்றாள் மார்சலின்.

சலேத்தம்மாளுக்கு எழுபத்தொரு வயது. புருசன் கடலில் போய் நாற்பது வருடம் ஆகிறது. இடியாப்பம் அவித்து விற்று, தெற்குத் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். ஒட்டுப்பட வகுப்புக்கு அவள் வந்ததே இல்லை. ஒட்டுவதற்கு அவளிடம் படம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே பிள்ளை அமலி. புயல் வந்த அன்றைக்கு அமலிக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும்.

மார்சலின் போய்ச் சொன்னபோது அவள் மாவு பிழிந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு இடியாப்ப உழக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, தன் சேலைக் கொசுவத்தைப் பார்த்து, கையை விரித்து, தொடைக்குப் பக்கத்தில் காற்றில் ஒரு இடத்தில் வைத்தாள்.

“இம்புட்டுதான் இருந்தா,” என்றாள். “கண்ணு இந்த எடத்துல வரும்.”

மார்சலினிடம் அளவுநாடா இல்லை. அவசியமும் இருக்கவில்லை.

ஒட்டுப்படத்துக்கு ஒன்பது வேண்டுமே என்று, ரேஷன் கார்டிலிருந்து ஒன்று, வாக்காளர் அட்டையிலிருந்து ஒன்று, கல்யாணப் படம் ஒன்று, நற்கருணைப் படம் ஒன்று, மீதிக்கு அவள் வீட்டு அடுப்பு, இடியாப்பத் தட்டு, வாசல், வேப்பமரம், மாதா சுரூபம் என்று மார்சலினே பிடித்து அடுக்கினாள். பத்தாவது கட்டம் வந்தது.

சலேத்தம்மாள் பாயில் ஒருக்களித்துப் படுத்து மதியத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுக் காற்றில் பறந்த ஒரு நரைமயிர்கூடத் தெரிகிற அளவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தது. வலதுகால் பெருவிரலில் பிளாஸ்திரி. அது போன ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் இடித்துக்கொண்டதற்காக ஒட்டியது.

“அப்பம் இப்பமும் வீட்டுக்குள்ளதான் இருக்கா,” என்றாள் சலேத்தம்மாள். குரலில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வெளியூர் பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். “நாப்பத்தெட்டு வருசமா என்னப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. நான்தான் பாக்கல.”

அடுத்த வாரங்களில் எத்தனை ஒட்டுப்படம் செய்தும், வந்ததெல்லாம் ஊரின் முகங்கள்தான். பார்க்கிற பிள்ளை பார்க்கிற இடத்தில் இருந்தது, படத்துக்குள் வரவில்லை. மூன்றாம் வாரம் சலேத்தம்மாள் நூலகத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள்.

“ஊருக்காரங்க எனக்கு ஒரு ஒதவி செய்யணும். வீட்ல இருக்குத கண்ணாடிய எல்லாம் கீழ இறக்கி மாட்டுங்க. தரையிலேர்ந்து ரெண்டே முக்கால் அடி. அவ எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு கண்ணாடியில அவ மூஞ்சி அவளுக்குத் தெரியட்டும்.”

தோணிமுனை மூன்று நாளில் அதைச் செய்து முடித்தது. பீரோக் கண்ணாடிகளைக் கழற்றிச் சுவரடியில் சாய்த்தார்கள். சவரக்கடைக்காரர் தன் நீளக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, வருகிறவர்களைக் குட்டை ஸ்டூலில் உட்காரவைத்துத் தானும் முட்டிபோட்டு முடிவெட்டினார். பைக்குகளிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடிகளை மீன் ஏலக்கூடத்தின் தூண்களில் இடுப்புக்குக் கீழே கட்டினார்கள். சாமியார் பூசை உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்து அறையில் ஒன்று வைத்தார். தெருவில் நடந்தால் தன் முகம் யாருக்கும் தெரியவில்லை. முட்டிகளும் வேட்டிக்கரைகளும் பின்தொடர்ந்து வந்தன, ஊரே இடுப்புவரை மட்டும் உள்ள ஆட்களால் நிறைந்ததுபோல இருந்தது. தங்கள் வீட்டுக் கண்ணாடியில் திடீரென்று மூச்சுப் பட்டதுபோலப் புகைமூட்டமாக ஒரு சின்ன வட்டம் படிந்து, படிந்த இடத்திலேயே மெல்ல மறைவதைப் பலபேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சத்தம் போடவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

வியாழக்கிழமை நூலகத்தில் இடம் கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடிவரை ஆட்கள் நின்றார்கள். மார்சலின் சலேத்தம்மாளின் ஒன்பது படங்களை அடுக்கி, ‘சேமி’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

பத்தாவது கட்டத்தில் சவரக்கடையின் நீளக் கண்ணாடி வந்தது. அதற்குள் ஏழு பிள்ளைகள் நின்றார்கள்.

உயரம் ஒன்றுபோல இருந்தது. கையில் கேமரா, கைபேசி, எதுவும் இல்லை. கைகள் பக்கவாட்டில் தொங்கின, கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது, நுனியில் நீர் திரண்டு விழப்போகிற நிலையில் நின்றது; நாற்பத்தெட்டு வருடமாகத் துவட்டாத தலைகள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அழவும் இல்லை. எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே நிற்கும் பிள்ளைகளைப்போல நின்றார்கள்.

ஏழு பேர். கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் வைத்த ஏழு பேர். ஆறு பிள்ளைகள் ஊர்ப்பிள்ளைகள். ஏழாவது, அன்றைக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்து சாவடியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை. குடும்பமே போய்விட்டதால் பேர் சொல்ல ஆள் இல்லாமல், சிலுவையில் ஆறு பெயர்களுக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

“எது மைனி அமலி?” என்று மார்சலின் மெதுவாகக் கேட்டாள்.

சலேத்தம்மாள் டி.வி.க்குப் பக்கத்தில் போனாள். முதல் பிள்ளையிலிருந்து ஏழாவதுவரை பார்த்தாள். திரும்ப ஏழிலிருந்து ஒன்றுவரை பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“தெரியலட்டி,” என்றாள்.

அந்த ஒரு சொல்லைத் தோணிமுனை அதற்குமுன் யார் வாயிலும் அப்படிக் கேட்டதில்லை.

“மூணாவதா நிக்குதது என் பிள்ள,” என்று பின்னாலிருந்து பிரகாசியம்மாள் சொன்னாள். அவளுக்கும் ஒரு மகள் போயிருந்தாள். “அந்த நெத்தி எங்க வீட்டு நெத்தி.” உடனே இன்னொருத்தி, மூன்றாவது தன் தங்கச்சி என்றாள். ஐந்தாவதைத் தம்பி என்று ஒருவரும் மகன் என்று ஒருத்தியும் பிடித்துக்கொண்டார்கள். ஆணா பெண்ணா என்பதிலேயே சண்டை வந்தது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த முகத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள், நாற்பத்தெட்டு வருடம் நெஞ்சில் வைத்திருந்த முகம் எதுவும் அங்கே இல்லாததால்.

சலேத்தம்மாள் மட்டும் சண்டைக்குப் போகவில்லை. திரும்பி நின்று பேசினாள், சத்தமில்லாமல். ஆனாலும் எல்லோரும் நிறுத்தினார்கள்.

“அலை வந்து என் இடுப்புலேர்ந்து பிள்ளையப் பிடுங்கிட்டுன்னு சொன்னேன். ஒங்க எல்லாருட்டயும் சொன்னேன். அவ அப்பாட்ட சொன்னேன். சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத் தொட்டியில முட்டுக்குத்தி இருந்தும் அதத்தான் சொன்னேன். அலை பிடுங்கல. தண்ணி முட்டளவு வந்திச்சி. கதவு அடைக்கணும். தாப்பா விழல. ரெண்டு கையும் வேணும்னு பிள்ளையக் கீழ இறக்கி விட்டேன். எறங்க மாட்டேன்னா. சேலையப் பிடிச்சா. நான்தான் வெரலப் பிரிச்சி விட்டேன். தாப்பாளப் போட்டுட்டுத் திரும்பினா, பின்வாசக் கதவு பேந்து கெடக்கு.” நிறுத்தினாள். “மூஞ்சி எப்படி ஞாபகம் இருக்கும்? அதுக்குப் பொறவு அந்த மூஞ்சிய நான் நெனைக்கவே இல்ல. நெனச்சா அது என்னப் பாக்கும்.”

பிரகாசியம்மாள்தான் முதலில் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“மூஞ்சி தெரியாட்டி என்ன யக்கா,” என்றாள். “பேரு தெரியும்லா?”

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு, வெயில் தாழாத நேரத்தில், சலேத்தம்மாள் தன் வாசலுக்கு வெளியே தெருவில் வந்து நின்றாள். தெற்குத் தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்றார்கள். அவள் இடியாப்பம் விற்கப் போகும்போது உடுத்துகிற அதே சேலையில்தான் இருந்தாள். இரண்டு கையையும் கீழே நீட்டிக் குனிந்து, ஊர் நாற்பத்தெட்டு வருடமாகக் கேட்காத பெயரைக் கூப்பிட்டாள்.

“அமலி. ஏட்டி அமலி. வா, ஏறு.”

ஒன்றும் நடக்கவில்லை. கடல் சத்தம் கேட்டது. எங்கேயோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அவள் குனிந்தபடியே இருந்தாள். எழுபத்தொரு வயது முதுகு நடுங்கியது. மார்சலின் பிடிக்க ஓர் அடி வைத்தவள், வைத்த அடியை எடுத்துக்கொண்டாள். சலேத்தம்மாள் மறுபடியும் கூப்பிட்டாள். “தாப்பா போட்டாச்சி. இனி எறக்க மாட்டேன். ஏறு.”

பிறகு சலேத்தம்மாள் நிமிர்ந்தாள். தனியாக நிமிர்கிறவள் நிமிர்வதுபோல நிமிரவில்லை. இடது கையை மடித்து இடுப்பில் கொடுத்து, இடுப்பை ஒருபக்கம் தள்ளி, மறுகையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, கனம் தூக்குகிறவளாக நிமிர்ந்து, வீட்டுக்குள் போனாள். அவள் போன வழியில் தெருப்புழுதியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்திருந்தது.

வியாழக்கிழமைவரை யாரும் பொறுக்கவில்லை. மறுநாளே மார்சலின் ஒட்டுப்படம் செய்தாள். பத்தாவது கட்டத்தில் ஒரு காதுமடல், தேய்ந்துபோன கம்மல், வியர்த்த கழுத்து, அதற்கு மேலே நிறைய வானம். எல்லாம் மிகப் பக்கத்தில், கொஞ்சம் ஆடி எடுத்ததுபோல. முகவாயின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. ஆனால் அது சலேத்தம்மாள் என்பதும், அந்த முகவாய் சிரிக்கிறது என்பதும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விளிம்பில் கலங்கல் இல்லை.

தஸ்நேவிஸ் மேஸ்திரி டேப்பை எடுக்காமலேயே சொன்னார். “நாலடி. இடுப்புல இருக்கு பிள்ள.”

அந்த மாதத்தில் ஊரார் ஒவ்வொருவராகத் தெருவில் இறங்கினார்கள். பிரகாசியம்மாள் ஒரே தடவை கூப்பிட்டாள், உடனே கனத்தில் தள்ளாடி உட்கார்ந்துவிட்டாள்; தன் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது என்று நாற்பது வருடமாக அவள் சொன்னதை அதன்பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. தாய் செத்துப்போன பிள்ளையை அக்காள் வந்து கூப்பிட்டாள். சூசானம்மாளுக்குப் பேர் மறந்துபோயிருந்தது, தன் பேரே மறந்துபோயிருந்தது. மருமகள் அவளைத் தெருவில் நிறுத்தி, பக்கத்தில் நின்று பெயரைச் சொல்லிக்கொடுக்க, அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். சொன்னதும் கையை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், இன்றுவரை எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் மறுத்தாள். எட்வீசம்மாள், எழுபத்தெட்டு வயது. “நான் இன்னைக்கோ நாளைக்கோ போறவ. தூக்கி வச்சிட்டுப் பாதியில விட்டுட்டுப் போகணுமா? ஒருதரம் விட்டது போதாதா?” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது நாள் சாத்தியே இருந்தாள். பத்தாம் நாள் சலேத்தம்மாள் போய்க் கதவுக்கு வெளியிலிருந்து, “எட்வீசு, நீ போனா ஒன் பிள்ளைய எடுத்துக்கிட எனக்கு அடுத்த இடுப்பு ஒண்ணு இருக்கு,” என்றாள். கதவு திறந்தது.

ஆறு பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். ஆறு கிழங்கள் ஊரில் ஒருபக்கம் சாய்ந்து நடந்தார்கள். பஸ்ஸில் அவர்களுக்கு இரண்டு பேர் இடம் விட்டார்கள்.

அதற்குப் பிறகும் பத்தாவது கட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டே முக்கால் அடியிலிருந்து, கீழ்விளிம்பு கலங்கி. ஆனால் முன்போல ஊர் முழுக்க இல்லை. எல்லாம் தெருவிலிருந்து எடுத்தவை. மூடிய கதவுகள். சோறு தின்கிறவர்களின் முதுகுகள். வாசலில் யாரோ ஒருத்தி வெறும் இடுப்பில் கையைக் கொடுத்து நிற்பது, தூரத்திலிருந்து. எந்தப் படத்திலும் யாரும் கேமராவின் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

“ஈயம் பூசுத வீட்டுப் பிள்ள,” என்றாள் மார்சலின். “தனியா நிக்கி.”

“கூப்புட பேரு வேணுமே,” என்றார் சாமியார். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்த எல்லாப் பெயர்களையும் ஒலிபெருக்கியில் வாசிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது எந்த வேதமோ, எந்த ஊரோ, பேர் எந்தப் பாஷையில் இருந்ததோ என்று இன்னொருவர் சொன்னார். கண்ணாடிகளைத் திரும்ப மேலே மாட்டிவிடலாம், அது தன்னால் போய்விடும் என்று சொன்னவரை யாரும் மறித்துப் பேசவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான், அவர் எழுந்து போய்விட்டார்.

தஸ்நேவிஸ் மேஸ்திரி இன்ச் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பேச்சு அவர் காதில் விழவில்லை என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் இடிந்த சாவடிக்குப் போனார். சலேத்தம்மாளும் மார்சலினும் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போனார்கள். இடிந்த சுவருக்கு முன்னால் அவர் மெல்ல இறங்கி, ஒரு காலை மடக்கி, பிறகு மறுகாலை மடக்கி, தன் கண் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடிக்கு வரும்வரை இறங்கி, அங்கேயே நின்றார். அந்த உயரத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை.

“ஒம் பேரு எனக்குத் தெரியாது,” என்றார். காது மந்தமானவர்களின் உரத்த குரலில் சொன்னார். “ஒன்ன எறக்கி விட்டது யாருன்னும் தெரியாது. எங்க வீட்டுல ஒருத்தி, மாத்திரைய முழுங்காம மண்ணுல பொதச்சா. ஏன்னு கேக்க ஆளில்ல. பக்கத்துல நின்னு பாத்தது நீயா இருந்தா, அவ அழுதாளான்னு எனக்கு என்னைக்காவது சொல்லு. சொல்லாட்டியும் பரவால்ல. எனக்கு இடுப்பு செத்துப்போச்சி. தோள் இருக்கு. ஏறிக்கிடு.”

கழுத்தைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். பதினைந்து நிமிடம் இருக்கும் என்று மார்சலின் பிறகு சொன்னாள். சலேத்தம்மாள் கூப்பிடவில்லை, ஜெபம் சொல்லவில்லை, இடுப்பில் இருந்த கனத்தை ஒருதரம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

பிறகு மேஸ்திரியின் சட்டைக் காலர் நனைந்தது. முதலில் ஓர் இடத்தில், பிறகு இரண்டு தோளிலும்.

அன்று பகல் செய்த ஒட்டுப்படத்தில் பத்தாவது கட்டம் வந்தது. ஐந்தே முக்கால் அடி உயரத்திலிருந்து எடுத்த படம். கீழே ஒரு வழுக்கைத்தலையின் உச்சி. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய காதுகள், அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த சின்ன விரல்கள், நகத்தில் ஈயக் கறுப்பு. அதற்கு அப்பால், அதுவரை எந்தப் படத்திலும் வராத தோணிமுனையின் ஓட்டுக்கூரைகளும், கோயில் கோபுரத்தின் பாதியும், தெருவெல்லாம் தரையோடு மின்னிக்கொண்டிருந்த கண்ணாடிகளும், கடலும்.

அடுத்த வியாழக்கிழமை ஒன்பது படம் வைத்தார்கள், ஒன்பதுதான் வந்தது. எல்லோரும் சிறிதுநேரம் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யார் மூக்கு யாருக்கு வந்திருக்கிறது என்று பேசத் தொடங்கினார்கள். மேஸ்திரி தாமதமாக வந்தார். ஐந்தடி உயரமே உள்ள மனிதர், ஆறடி வாசல்நிலைக்கு முன்னால் ஒரு கணம் தயங்கி நிமிர்ந்தே உள்ளே நுழையப் போனார்.

“குனிஞ்சு வாரும் மேஸ்திரி,” என்று சலேத்தம்மாள் உள்ளேயிருந்து அதட்டினாள். “பிள்ளைக்குத் தல இடிச்சிரும்.”

அவர் இரண்டு கையையும் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து, உள்ளே வந்தார்.